பதினெட்டு டிகிரி

லூர்துமேரிக்குக் கோபம் வந்தால் லிங்கராஜபுரத்தில் அவள் குடியிருந்த சந்துக்கே தெரிந்துவிடும். பாத்திரம் உருளாது. கத்தல் கேட்காது. வாசலைப் பெருக்கும் வேகத்தில் தெரியும். இல்லாத குப்பையைத் தேடித்தேடித் துடைப்பம் சிமெண்டுத் தரையைச் சுரண்டும். எதிர் வீட்டு பெர்னதெத் கதவை ஒருக்களித்துத் திறந்து, "இன்னிக்கு யாரு மேல மேரி?" என்று கேட்பாள்.

"எல்லாரு மேலயும்தான்."

2003ஆம் வருடம் நவம்பர் மாதம் முழுவதும் அந்தத் துடைப்பம் அப்படித்தான் சுரண்டியது. அத்தனை கோபத்துக்கும் காரணம் ஒரே ஒரு விரல். அவள் கணவன் சாலமனின் வலது கை ஆள்காட்டி விரல். அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புண். அந்த மிளகு நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது.

சாலமன் கோலார் தங்கவயல்காரர். இருபது வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி, இருபத்தொன்பது வருடம் பாறையில் துளை போடும் மெஷினைப் பிடித்தவர். பூமிக்குள் அத்தனை ஆழத்தில் பாறையே கொதிக்கும். மேல்சட்டை இல்லாமல், வேர்வை வழிய, மெஷினோடு சேர்ந்து உடம்பு மொத்தமும் அதிர வேலை செய்வார்கள். முடிந்து கூண்டில் மேலே வந்தால் தங்கவயலின் குளிர்க்காற்று முகத்தில் அறையும். அப்போது மெஷின்காரர்களின் விரல்கள் மெழுகுவத்திபோல வெளுத்துப்போகும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மெஷின் விரல்'. யாரும் அதை ஒரு நோயாக நினைத்ததில்லை. வெளுத்த விரலைக் காட்டி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வார்கள்.

லூர்துமேரியின் அப்பாவுக்கும் மெஷின் விரல் இருந்தது. அதனால் 1996இல் சாலமன் ஒருநாள் வெளுத்த கைகளை நீட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் சிரித்தாள். "வந்துட்சா உனக்கும்? எங்கப்பாவுக்கு மாப்பிள்ளைன்னு இப்பதான் நம்பறேன்" என்று சொல்லி, அந்தக் கைகளை இழுத்துத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றினாள். "மெஷின விட்டா தானா போயிடும்யா" என்றாள்.

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! அதை நினைத்து அவள் பின்னாளில் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாள்!

ஏனென்றால், அவள் அப்பாவுக்குக் கை மட்டும்தான் வெளுத்தது. சாலமனுக்குக் கால் விரலும் வெளுத்தது. காலையில் எழுந்தால் கை இரண்டும் மாவு பிசைந்து வைத்ததுபோல் வீங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கண்ணால் பார்த்தாள். இருந்தும், மெஷின் விட்டால் போய்விடும் என்றே இருந்துவிட்டாள்.

2001இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். மெஷின் விட்டது. விரல் விடவில்லை.

பிழைப்புக்காக பெங்களூர் வந்தார்கள். லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை வீடு. காவலாட்களை அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் சாலமன் போய் நின்றார். அங்கிருந்தவன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"வயசு அம்பதுன்னு போட்டிருக்கு? மூஞ்சில ஒரு சுருக்கம் இல்ல. முப்பத்தஞ்சுன்னா நம்புவாங்க."

சாலமன் இங்கிலீஷில் பதில் சொன்னார். தங்கவயலில் மேஸ்திரி முதல் மெஷின்காரர் வரை எல்லோருக்கும் இங்கிலீஷ் நாக்கில் இருக்கும். ஏஜென்சிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சுருக்கமில்லாத முகம், தடுமாறாத இங்கிலீஷ். அல்சூர் ஏரிக்கு அப்பால் புதிதாக எழுந்திருந்த ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில், வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் கீழ்த்தள லாபியில் அவரை நிறுத்தினார்கள். அதே கட்டடத்தில் துப்புரவு வேலை லூர்துமேரிக்கும் கிடைத்தது.

புதுச் சீருடையில் புருஷனைப் பார்த்து அவள் பூரித்துப்போனாள். சந்துப் பெண்கள், "உன் வூட்டுக்காரருக்கு மூஞ்சிக்கு இன்னா போடற மேரி? நாளுக்கு நாள் பளபளக்கறாரே" என்று கேட்டார்கள். "என் கையால ஒரு சொம்பு ரசம்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள்.

அந்த லாபி பதினெட்டு டிகிரி.

கட்டடத்தின் நிர்வாக மேலாளர் ஸ்ரீகண்டன் அப்படித்தான் உத்தரவு போட்டிருந்தார். கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்தவர். குளிர்நாட்டு வாடிக்கையாளர்கள் காரை விட்டு இறங்கிக் கதவைத் திறந்ததும் தங்கள் ஊருக்கே வந்தது மாதிரி உணர வேண்டும் என்பது அவர் கொள்கை. வெயில்காலமானாலும் மார்கழியானாலும் பதினெட்டு. பூமிக்கடியில் வெந்துகொண்டிருந்த மனிதர், இப்போது பளிங்குத் தரையில் நாளுக்குப் பத்து மணி நேரம் உறைந்து நின்றார்.

விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு எரிந்தன. தோல் இறுகி விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கின. சல்யூட் வைத்தால் கை விரியாது. பெரிய அதிகாரி ஒருவர், "அந்த ஆள் என்னைப் பார்த்து முஷ்டியைத் தூக்குகிறான்" என்று புகார் கொடுத்தார். காவலாட்களின் சூப்பர்வைசர் நோயல் ஓடிவந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது.

"இன்னா மேன் இது? சல்யூட்டா, குஸ்தியா?"

"விரல் நீட்ட வரமாட்டேங்குது சார்."

"நீட்ட வரலன்னா ராத்திரில ஒரு பலகைல கட்டிவெச்சிக்க மேன். என் மானம் போகுது."

சாலமன் உண்மையிலேயே கட்டிக்கொண்டு படுத்தார். வீட்டு வேலைக்கு வாங்கிய மர ஸ்கேலில், பழைய புடவைக் கிழிசலால். காலையில் அதைப் பார்த்தபோதுதான் லூர்துமேரியின் துடைப்பம் முதன்முதலாக வாசலைச் சுரண்டியது.

அந்த வாரமே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூட்டு நோய்ப் பிரிவில் டாக்டர் ரமா என்ற பெண்மணி இருந்தார். சாலமனின் புறங்கைத் தோலைக் கிள்ளப் பார்த்தார், கிள்ள வரவில்லை. கன்னத்தில் பார்த்தார், அங்கும் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"எத்தனை வருஷமா விரல் வெளுக்குது?"

லூர்துமேரிதான் பதில் சொன்னாள். "ஏழு வருஷம் டாக்டர். அது மெஷின் விரல். சுரங்கத்துல எல்லாருக்கும் இருக்கும்."

"கால் விரல்?"

"அதுவும் வெளுக்கும்."

டாக்டர் ரமா பேனாவைக் கீழே வைத்தார். "கால் விரல்லயா மெஷின் பிடிச்சார்?"

லூர்துமேரி குனிந்து சாலமனின் கால்களைப் பார்த்தாள்.

ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு ஸ்கேனும் முடிந்து டாக்டர் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தார். "சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ்னு பேரு. லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர்றது. நம்ம உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தப்பா நம்ம உடம்பையே தாக்குது. தோலுக்கடியில எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற திசு தடிச்சு இறுகிப்போகுது. ரத்தக் குழாய் சுருங்குது. நுரையீரல்லயும் கொஞ்சம் ஆரம்பிச்சிருக்கு."

"மூஞ்சில சுருக்கம் இல்லியே டாக்டர், இளமையா ஆயிட்டாரேன்னு..."

"தோல் இறுகினதுதாம்மா அது."

லூர்துமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரசம்! ஒரு சொம்பு ரசம் என்று சந்து முழுக்கப் பீற்றிக்கொண்டாளே!

"ஒட்டிக்குமா டாக்டர்?" என்று சாலமன் கேட்டார். அதுவரை அவர் கேட்ட ஒரே கேள்வி.

"ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிடலாம். சுரங்கத்துல கல்லுத்தூசியைச் சுவாசிச்சவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்னு படிச்சிருக்கோம். உங்களுக்கு அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

வேரோடு பிடுங்கி எறிய மருந்து இல்லை, அடக்கிவைக்கலாம் என்றார். ரத்தக் குழாயை விரிக்க மாத்திரை. நுரையீரலுக்காக மாதம் ஒரு நாள் படுக்கவைத்து ஏற்றும் மருந்து. வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுத்து விரல் பயிற்சி, கண்ணாடி முன் நின்று வாய்ப் பயிற்சி. வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். திடீரென்று ஏறினால் சிறுநீரகம் போய்விடும், அன்றைக்கே ஓடிவர வேண்டும். வீக்கத்துக்கென்று வேறு யாராவது ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் கேட்காமல் விழுங்கக் கூடாது. பீடி கூடவே கூடாது. லூர்துமேரி அந்த இடத்திலேயே அவர் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"எல்லாத்துக்கும் மேல, குளிர் ஆகாது. கையுறை போட்டே இருக்கணும். ஏசில நிக்கவே கூடாது. இந்தப் புண்ணுக்கு ரத்தம் போகணும். ஜனவரிக்குள்ள கறுப்பு முதல் கணுவைத் தாண்டிச்சுன்னா விரலை எடுக்கிறதைத் தவிர வழியில்லை. அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது."

வேலையை விட்டுவிட முடியுமா? மாதா மாதம் ஏற்றும் மருந்து அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. ஐம்பத்தொரு வயது ஆளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் கேட்டுப் பார்த்தார்கள். மூன்று தடவை கேட்டார்கள்.

முதல் தடவை சாலமன் கையுறைக்கு அனுமதி கேட்டார். "லாபி இன்னா ஊட்டியா மேன்? யூனிபார்ம்ல கிளவுஸ் இல்ல" என்றார் நோயல். இரண்டாம் தடவை, பின்பக்க வாகன கேட்டுக்கு மாற்றிவிடும்படி கேட்டார். அங்கே கூரைகூடக் கிடையாது, நாள் முழுக்க வெயில். தப்பு செய்தவர்களைத்தான் அங்கே தள்ளுவார்கள். நோயல் வாய்விட்டுச் சிரித்தார். "இங்கிலீஷ் பேசற ஆள், பாக்கறதுக்கு ஹீரோ மாதிரி இருக்க. உன்னக் கொண்டுபோய் டூவீலர் எண்ண விடுவாங்களா? பேசாம போ மேன்." மூன்றாம் தடவை லூர்துமேரியே டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு போனாள். நோயல் அதை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "மேலே சொல்றேம்மா" என்றார். மேலே சொல்லவில்லை.

 அடுத்த திங்கட்கிழமை, நவம்பர் பத்தாம் தேதி, அவள் போருக்குப் புறப்பட்டாள்.

லாபியின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு நடைபாதை. அதன் சுவரில் சின்னதாக ஒரு பெட்டி, அதற்குள் ஏசியின் திருகு. தினமும் அந்தப் பெட்டியைத் துடைப்பது அவள் வேலை. துடைத்தாள். துடைக்கிற துணிக்குள்ளேயே விரலை விட்டுத் திருகினாள். பதினெட்டு, இருபத்தைந்து ஆனது.

பத்து, பத்தரைக்கு யாராவது கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு "ஏன் இவ்ளோ சூடு?" என்பார்கள். மெக்கானிக் வந்து பதினெட்டில் வைப்பான். மதியம் நடைபாதையைத் துடைக்க மறுபடி வருவாள். மறுபடி இருபத்தைந்து. ஞாயிறு தவிர ஒரு நாள் விடவில்லை. மெக்கானிக்கை மாற்றினார்கள். மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, மெஷின் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சாலமனுக்கு ஒன்றும் தெரியாது. காலை நேரங்களில் தன் விரல்கள் சிவப்பதைப் பார்த்து அதிசயப்பட்டார். "மேரி, விவேக் நகர் குழந்தை ஏசுகிட்ட ஒன்பது வியாழன் வேண்டிக்கிட்டோம்ல? கேட்டுட்டாரு மேரி. காலைல சூடு வருது கைல" என்று சொன்னார்.

"வரும் வரும். நீ வாயப் பெருசா தொற, பயிற்சி பண்ணு" என்றாள் அவள், சோற்றைச் சுண்டைக்காய் அளவு உருட்டிக்கொண்டே. அதற்கு மேல் பெரிய உருண்டை அவர் வாயில் நுழையாது.

டிசம்பர் நடுவில் வெளிநாட்டுக் குழு ஒன்று வந்திருந்தபோது லாபி புழுங்கியது. ஸ்ரீகண்டன் நோயலைக் கூப்பிட்டுக் கத்தினார். "மெஷின்ல கோளாறு இல்ல. யாரோ கை வைக்கிறான். எனக்கு ஆள் வேணும், எழுத்துல வேணும்." நோயல் நேரே சாலமனிடம் வந்தார்.

"நீதான் மேன் கரெக்டான ஆள். நாளைக்குக் காலைல அந்த ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால நில்லு. எவன் வந்து திருகுறானோ அமுக்கு. ரிஜிஸ்டர்ல எழுது."

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு சாலமன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். நீலப் புடவை வந்தது. வாளி வந்தது. துணி பெட்டிக்குள் போனது.

"மேரி... நீயா?"

லூர்துமேரி திடுக்கிடவில்லை. திரும்பி நிதானமாகப் பார்த்தாள். "பின்ன? குழந்தை ஏசுவா வந்து திருகுவாருன்னு நினைச்ச?"

சாலமன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். இறுகிய முகத்தில் கோபத்தைக் காட்டக்கூட இடமில்லை. கண்கள் மட்டும் ரத்தமாகச் சிவந்தன. "இருபத்தொம்பது வருஷம் தங்கத்துக்குள்ள நின்னவன்டி நான். தினம் மேல வந்தா துணி உருவிச் சோதிப்பாங்க. ஒரு குந்துமணி எடுத்தவன் இல்ல. என் டியூட்டில நிக்கிற எடத்துல நீ திருட்டு வேலை பண்றியா?"

"திருட்டா? இன்னாத்தத் திருடினேன்? ஏழு டிகிரி சூட்டத் திருடினேன். கொண்டுபோய் வித்துட்டனா? உன் கைலதான குட்த்தேன்!"

"நான் கேட்டனா உன்ன?"

"நீ கேக்கமாட்டய்யா! நீ சல்யூட் அடிப்ப. விரலு உதுந்து கீழ வுழுந்தாலும் அதப் பொறுக்கிப் பாக்கெட்ல வெச்சிக்கினு சல்யூட் அடிப்ப!"

"ரிஜிஸ்டர்ல எழுதணும் மேரி. எழுதாம விட மாட்டேன்."

"எழுது. நல்லா எழுது. எந்த விரல்ல எழுதுவ?"

சாலமன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கட்டுப்போட்ட ஆள்காட்டி விரல் ஒருபக்கம் விறைத்து நின்றது. மற்ற விரல்கள் மடங்கிய இடத்திலிருந்து நகரவில்லை. பேனா நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அது உருண்டு லூர்துமேரியின் காலடிக்குப் போனது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.  ஏழு வருடத்துக்கு முன்னால் இந்தக் கைகளைத்தானே அக்குளில் வைத்துச் சிரித்தாள்!

பேனாவை எடுத்தாள். விறுவிறுவென்று வரவேற்பு மேஜைக்குப் போய், பக்க எண் போட்ட அந்தப் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்தாள். "சொல்லு. நீ சொல்லு, நான் எழுதறேன்."

"மேரி..."

"இப்ப சொல்றியா இல்லியா?"

அவர் சொன்னார். அவள் தமிழில் எழுதினாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். அவர் சொல்லி முடித்ததும் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். "அவ்ளோதான், மூடு" என்றார். அவள் மூடவில்லை. மேஜையில் குனிந்து தன் பங்குக்கு இன்னும் எழுதினாள்.

ஒன்பது மணிக்கு நோயல் ரிஜிஸ்டரைப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கத் தமிழ். புரட்டினார், தலைகீழாக வைத்துப் பார்க்காத குறை. வேறு வழியில்லாமல் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீகண்டன் அறைக்குப் போனார்.

"தமிழ்ல எழுதிருக்கான் சார். நீங்கதான் படிக்கணும்."

ஸ்ரீகண்டன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சலிப்போடு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"'லாபி காவலர் சாலமன் சொல்வது. இன்று காலை ஏழு ஐம்பதுக்கு ஏசி திருகைத் திருப்பிய ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பெயர் லூர்துமேரி. துப்புரவுப் பிரிவு. என் மனைவி.'" அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணை மறுபடி தாளுக்குக் கொண்டுபோனார். இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"'இதை எழுதுவது அந்த லூர்துமேரி. காவலருக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் என் மேல் புகாரை நானே எழுதுகிறேன். நவம்பர் பத்திலிருந்து தினமும் திருகினது நான்தான். குளிரில் அவர் விரல் சாகிறது. டாக்டர் சீட்டு நோயல் சார் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மூன்று தடவை கேட்டோம். ஏழு வருஷம் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனிமேல் இருக்க மாட்டேன். நாளைக்கு என்னை உள்ளே விட்டால் நாளைக்கும் திருகுவேன்.'"

ஸ்ரீகண்டன் ரிஜிஸ்டரை மேஜைமேல் வைத்தார்.

"சீட்டா? என்ன சீட்டு நோயல்?"

நோயல் தரையைப் பார்த்தார். "சொல்லலாம்னு இருந்தேன் சார். வேலைல மறந்துட்டு..."

ஸ்ரீகண்டன் சாலமனைப் பார்த்தார். "நேரா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

சாலமன் வாயைத் திறப்பதற்குள் லூர்துமேரி முன்னால் வந்தாள். "உங்க கதவாண்ட நிக்கறதே இவருதான சார்? தினம் ரெண்டு வேளை இவரு சல்யூட்ட வாங்கினுதான உள்ள வர்றீங்க? ஒரு நாளாவது கையப் பாத்தீங்களா?"

"மேரி, போதும்" என்றார் சாலமன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!" அவள் அவருடைய வலது கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள். கட்டைப் பிரித்தாள். விரல் நுனி கரிக்கட்டையாக இருந்தது. கறுப்பு, முதல் கணுவுக்கு ஒரு நெல் இடைவெளியில் நின்றது. ஸ்ரீகண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பாதீங்க சார். இதான் பதினெட்டு டிகிரி. நல்லா பாத்துக்குங்க. உங்க கிளையன்ட்டுக்கு அவங்க ஊரு மாதிரி இருக்கணும், சரி. இந்தாளுக்கு எந்த ஊரு மாதிரி இருக்கணும்னு யாராவது கேட்டீங்களா? இவரு பொறந்ததிலிருந்து வெந்தவரு சார். உங்க எல்லாரு கழுத்துலயும் மின்னுதே, அதத் தோண்டி எடுக்க வெந்தவரு. சூடு ஒண்ணுதான் கேட்டோம். காசா கேட்டோம்? வெளில வெயில்ல நிக்கிறேன்னு கேட்டாரு. வெயிலு கூடவா குடுக்க மனசு வரல?"

 ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் நாற்காலி பெரியது. "ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கும்மா. எழுத்துல வந்தாச்சு. பக்கத்தைக் கிழிக்கவும் முடியாது" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. துப்புரவுப் பிரிவு லூர்துமேரி வேலைநீக்கம். மனைவியின் குற்றத்தைக் கவனிக்கத் தவறிய காவலர் சாலமனுக்குத் தண்டனையாகப் பின்பக்க கேட்.

உத்தரவைப் படித்துக் காட்டிய நோயல், "சாரி மேன்" என்றார். சாலமன் சல்யூட் வைத்தார்.

பின்பக்க கேட்டில் காலை ஒன்பதிலிருந்து வெயில் சுள்ளென்று விழும். கேட்டின் இரும்புக் கம்பி கொதிக்கும். அங்கே சீருடையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க யாரும் வருவதில்லை. லூர்துமேரி சிவாஜி நகரில் கம்பளி நூல் வாங்கி, இரண்டு ஜோடி கையுறை பின்னினாள். மடங்கிய விரல்களுக்கு அளவெடுத்து, மடங்கின மாதிரியே பின்னினாள். கடையில் கிடைக்கும் எந்தக் கையுறையும் அந்தக் கைக்குச் சேராது.

கறுப்பு, கணுவைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலேயே காய்ந்து இறுகியது. பிப்ரவரியில், செத்துப்போன நுனியை மட்டும் ஆபரேஷன் செய்து எடுத்துத் தைத்தார்கள். அரை அங்குலம். மற்ற விரல்களின் நகக்கண்ணில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. ஸ்கேனில் நுரையீரல் போன முறையைவிட மோசமாகவில்லை.

"மாத்திரை வேலை செய்யுது. அதைவிட வெயில் வேலை செஞ்சிருக்கு" என்று டாக்டர் ரமா சிரித்தார். "வெளியில மாத்தி விட்டாங்களே, நல்ல மனுஷங்க. என் நன்றியையும் சொல்லுங்க."

"தண்டனைங்க டாக்டர் அது" என்றாள் லூர்துமேரி. "மருந்துன்னு கேட்டப்ப குடுக்கல. தண்டனைன்னு குடுத்தாங்க. நன்றி சொல்ல எனக்கு வாய் வராது."

அவள் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தாள். மதியம் ஆனால் தூக்குச் சட்டியோடு பின்பக்க கேட்டுக்கு வந்துவிடுவாள். கேட்டுக்கு வெளியே நடைமேடைக் கல்லில் உட்கார்ந்து, குழைய வைத்த சோற்றைச் சுண்டைக்காய் உருண்டைகளாக உருட்டி ஒவ்வொன்றாக ஊட்டுவாள். சாலமன் ஒவ்வோர் உருண்டைக்கும் நடுவில் வண்டி எண்களைப் பார்ப்பார். அவர்மேல் இருந்த கோபமும் அவளுக்கு முழுதாகத் தீரவில்லை. "என்ன ரிஜிஸ்டர்ல ஏத்தின ஆளுதான நீ" என்று ஊட்டும்போதே குத்துவாள். அவர், "எழுதினது யாரு?" என்பார்.

மார்ச் மாதம் ஒரு மதியம் ஸ்ரீகண்டனின் கார் பின்வழியாக வந்தது. சாலமன் எழுந்து, மடங்கிய கம்பளிக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"கை எப்படி இருக்கு சாலமன்?"

"நல்லா இருக்கு சா..."

"அரை விரலு உங்க லாபில கீது சார்" என்றாள் லூர்துமேரி. உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "மிச்சம் ஒம்பதரை இங்க கீது. கண்ணாடிய ஏத்துங்க. அந்தக் காத்து இவருக்கு ஆகாது."

கண்ணாடி மெல்ல ஏறியது. கார் போனது. அவள் அடுத்த உருண்டையை உருட்டினாள். "வாயத் தொற" என்றாள். "இன்னும் தொற."